ஹாரன் அக்கா சனிக் கிரகம் பார்த்த கதை

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளை அந்த வட்டாரத்தில் ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தெருமுனையில் திரும்பும்போதே ஊரைக் கூட்டுகிற மாதிரி அடிப்பாள். வாயும் அப்படித்தான். அவள் வீட்டில் ரகசியம் பேசினால் அடுத்த வீட்டுக்காரர் பதில் சொல்லுவார்.

நிலா இல்லாத இரவுகளில் ஊருக்கு வெளியே மைதானத்தில் கூடி வானம் பார்க்கிறவர்களைப் பற்றிச் சொன்னவர் அவர்களில் ஒருவரான மருந்துக்கடைக்காரர். இருட்டுவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும், கண் கூசாமலிருக்க டார்ச்சில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், குளிருக்குப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் விவரமாகச் சொன்னார். அவள் காதில் "வந்து பாருங்க" மட்டும்தான் ஏறியது.

இருட்டிய பிறகு, முன்விளக்குகள் பளீரென்று எரிய, மைதானத்துக்குள் வண்டியை விட்டாள். அரைமணி நேரமாக இருட்டுக்குக் கண்ணைப் பழக்கியிருந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு நேரே ஒரு தொலைநோக்கியிடம் போய், பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்தாள். குழாய் நகர்ந்துவிட்டது. பாடுபட்டுச் சனிக் கிரகத்தைப் பிடித்து வைத்திருந்த டீச்சர் குனிந்து மறுபடி தேட ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்குப் போகவும் வழியில்லை. வண்டியை எடுத்தால் விளக்கு எரியும். அத்தனை பேர் கண்ணும் மறுபடி கெடும். எல்லோரும் கிளம்பும்வரை வேனுக்குள்ளேயே பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தாள்.

இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று கணவனிடம் சொன்னாள். தையற்காரரான அவர் மெஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"என்ன தப்புன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் என்ன? தெரியாதவங்கதான் யோசிக்கணும்."

மிச்சம் கிடந்த சிவப்புத் துணியில் டார்ச்சுக்கு உறை தைத்துக் கொடுத்தார். அடுத்த தடவை வெயில் சாயும்போதே போனாள். கிளம்பும்போது விளக்கு யார்மேலும் படாதபடி வண்டியைச் சாலைப் பக்கம் பார்த்து நிறுத்தினாள். கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கைக் கழற்றினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டீச்சரிடம் போய், பார்க்கலாமா என்று மெல்லக் கேட்டாள்.

குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"வளையத்தோட அப்படியே ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கே டீச்சர்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நிதானமா பாருங்க, பின்னாடி யாருமில்ல."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வளையம்தான் கண்ணுக்குள் நின்றது. ஆளுக்கொரு கார் எதற்கு, எல்லோரையும் நானே கூட்டி வருகிறேன் என்று அவளே மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாள். இப்போது பிள்ளைகளின் இருக்கைகளில் பெரியவர்கள் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு வருகிறார்கள். புதிதாக வருகிறவர்களிடம் எதைச் செய்யக் கூடாது என்பதை ஏறும்போதே சொல்லிவிடுவாள். எல்லாவற்றையும் தான் செய்து பார்த்ததாகவும் சேர்த்துச் சொல்லுவாள்.

போன மாதம் தையற்காரரும் வந்தார். அன்றைக்கென்று வானம் முழுக்க மேகம். திரும்பிப் போகலாமா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. பிளாஸ்க்கில் இருந்த டீயை ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவள் கணவனுக்குப் பக்கத்தில் போர்வையை விரித்து மல்லாந்தாள்.

"கொஞ்சம் இருப்போம்," என்றாள். "காத்து நல்லாத்தான் இருக்கு."