மஞ்சூருக்கு அப்பால் ஒரு லயம்

தேயிலை விலை விழுந்த அந்த வருடங்களில் குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். ஏலத்துக்கு வரும் தூளைப் பற்றிய குறிப்புகளை வெளியூர் வியாபாரிகளுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். வாங்குவோர் குறையக் குறைய, மத்தியானத்துக்குமேல் எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கணினி இருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சிட்டுக்கொண்டு வரும் இணையமும் இருந்தது. மேலாளர் நல்ல மனிதர்.

“சும்மா உக்காந்திருந்தா குளுருதான் ஏறுமுங்க. எதையாச்சும் தட்டீட்டு இருங்க” என்றார்.

அப்படித்தான் ஒரு தமிழ் மின்னஞ்சல் குழுவில் போய்ச் சேர்ந்தேன். எழுத்துரு இல்லாததால் முதலில் எல்லாம் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகத் தெரிந்தன. குழுவில் இருந்த ஒருவர் ஒரு செயலியை அனுப்பிவைத்தார். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறி விழும். நான் முதலில் அடித்தது ‘மழை’. எனக்கு ழகரம் பிடிபடவில்லை. ‘மலை’ என்று வந்தது. அதுவும் இங்கே பொருத்தம்தான் என்று விட்டுவிட்டேன்.

கட்டுபடியாகாமல் கொழுந்து பறிக்காது விட்ட தோட்டங்களில் தேயிலைச் செடிகள் மரமாக உயர்ந்து நிற்பதைப் பற்றிப் பத்து வரி எழுதிக் குழுவில் போட்டேன். வீட்டில்கூட யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஒரே ஒரு பதில் வந்திருந்தது.

“அக்கா, நீங்க நீலகிரியா? நானும் அங்கதான் பொறந்தேன். அந்தச் செடி பூத்திருந்துச்சா?”

எழுதியவர் ஒரு பெண். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, மஞ்சூரைத் தாண்டி ஓர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இவர் கல்யாணமாகிப் பனி விழும் ஏதோ ஒரு நாட்டுக்குப் போய், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். பூத்திருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் நின்று பார்த்தேன். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். அதை எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது கேட்பார். இன்றைக்கு மூடுபனி எத்தனை மணிக்கு இறங்கியது? கேத்தியில் கேரட் பிடுங்கிவிட்டார்களா? அவருக்குப் பதில் சொல்வதற்காகவே நான் தெருவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். எனக்கோ இந்தக் குளிரை விட்டு எங்கேயாவது போய்விட வேண்டும் என்றிருந்த காலம். அவர் ஏங்கிய ஊரில் நான் இருந்தேன்; நான் ஏங்கிய தூரத்தில் அவர் இருந்தார்.

ஒரு நாள் கேட்டார். “எங்க லயத்தைப் போய்ப் பாத்து எழுதுவீங்களா அக்கா? சோகமா எழுத வேணாம். என்ன இருக்கோ அத எழுதுங்க.”

ஞாயிற்றுக்கிழமை மஞ்சூர் பஸ் ஏறி, அங்கிருந்து நடந்து போனேன். பேக்டரி பூட்டிக் கிடந்தது. லயத்தின் வரிசை வீடுகளில் பாதிக்கு மேல் ஆளில்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், கல்யாணமாகி வெளிநாடு போனவரின் வீடு எது என்று விசாரித்தேன். “கடைசி வீடுதாங்க. அவங்க அப்பா அம்மா தவறுன பெறகு யாரும் வரல்லை” என்றார். கடைசி வீட்டின் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அடுப்புப் புகை படிந்த சுவரில், குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில், யாரோ சுண்ணாம்பால் வரைந்த ரயில் ஒன்று இருந்தது. நாலு பெட்டி. சக்கரங்கள் மட்டும் ஏராளம்.

எழுதி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அனுப்புவதற்கு முன் அவருக்குத் தெரிவித்தேன்; அலுவலக எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் அலுவலகத் தொலைபேசி அடித்தது. அவருக்கு அது காலை நேரம்.

“படிக்க பயமா இருக்கு. நீங்களே வாசிங்க அக்கா.”

முதல்முறையாக அந்தக் குரலைக் கேட்டேன். நான் நினைத்திருந்ததைவிட இளமையான குரல். வாசித்தேன். மேலாளர் ஏதோ ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“அவ்வளவுதாங்க. இருக்கீங்களாங்க?” என்றேன்.

“பீலியில தண்ணி வருதா இன்னும்?” அவர்கள் வீட்டில் தண்ணீர்க் குழாயைப் பீலி என்றுதான் சொல்வார்களாம்.

“வருதுங்க. ஒரு அம்மா பிடிச்சிட்டு இருந்தாங்க.”

அவர் அழுதார். பிறகு, “இதத் திருத்தாதீங்க, அப்படியே போடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தக் கட்டுரையை ஓர் இணைய இதழ் எடுத்துப் போட்டது. முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். எழுத்தாளர் என்று என்னை முதலில் அழைத்தது அவர்களில் ஒருவர்தான். ஆனால் சில மாதங்களில் எங்கள் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். பிரவுசிங் சென்டருக்குப் போய் எப்போதாவதுதான் எழுத முடிந்தது. அவருடைய கேள்விகளும் குறைந்தன. பிறகு குழுவே இல்லாமல் போயிற்று. அவருக்கு அனுப்பிய அஞ்சல்கள், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தன.

இப்போது எனக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. எதையாவது இணையத்தில் போட்டால் உடனே நூறு பேர் கட்டைவிரல் உயர்த்துகிறார்கள். நன்றாக இருக்கிறது என்பார்கள். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அவரை எல்லா இடத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன். குழுவில் அவர் வைத்திருந்தது புனைபெயர். அத்தனை மத்தியானங்கள் எழுதிக்கொண்டும் சொந்தப் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர் என்னை அக்கா என்றார், நான் வாங்க போங்க என்றேன். அது போதுமாக இருந்தது.