பல்லில் கடிக்கிற ஈயம்

சந்திரலேகா இதுவரை விழுங்கிய மருந்தையெல்லாம் அள்ளிப் போட்டால் அவள் மீன்கூடை நிரம்பி வழியும். லேகியம், கஷாயம், மாத்திரை, மந்திரித்த எலுமிச்சம்பழம் என்று எதைக் கொடுத்தாலும் வாயைத் திறந்தாள். பிள்ளைதான் வரவில்லை. நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏலக்காரனையே அதட்டுகிற வாய் அது. மாமியார் எல்லையம்மாள் முன்னால் மட்டும் பொத்திக்கொள்ளும்.

புருஷன் வெற்றிசெல்வனை ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. படகு இன்ஜினைத் தனியாளாகத் தோளில் வைத்து மணலில் நடக்கிற ஆள், அவனுக்கு என்ன குறை இருக்கப்போகிறது? சந்திரலேகா பரிசோதனை என்று பேச்சு எடுத்தால் போதும், அன்றைக்குப் பார்த்துக் கடலில் மீன் நிறைய இருக்கும், உடனே கிளம்பிவிடுவான்.

எல்லையம்மாள் கோயில் வேப்பமரத்தில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டினாள். எல்லாரும் அதற்குள் பிள்ளைக்குப் பதிலாக ஒரு சின்னக் கல்லை வைப்பார்கள். கடற்காற்றுக்குக் கல் தாங்காது என்று இவள் மகன் வார்த்த ஈயக்குண்டை வைத்தாள். வலையின் அடியோரத்தைத் தண்ணீரில் அமிழ்த்துகிற குண்டு. பழைய பேட்டரி ஈயத்தைக் கொல்லையில் சட்டியில் உருக்கி, நடுவில் பிளவு விட்டு வார்ப்பான் வெற்றிசெல்வன். பிறகு பிளவுக்குள் கயிற்றைக் கொடுத்துப் பல்லால் கடித்து நெரிப்பான். அடுத்த குண்டுகள் கன்னத்தில் அடங்கியிருக்கும். அப்படியே சோற்றுக்கும் உட்காருவான்.

ஒருநாள் புது லேகியத்தோடு வந்த மாமியாரைத் தாண்டிப் புருஷனிடம் போனாள் சந்திரலேகா.

"நீங்க டாக்டரம்மாகிட்ட வர்ற வரைக்கும் இந்தத் தொண்டையில ஒண்ணும் எறங்காது."

வந்தான். பஸ்ஸில் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான். சோதித்துப் பார்த்ததில் அவன் உயிரணுக்கள் குறைவு, இருப்பவையும் சரியாக நீந்தவில்லை.

"பேட்டரி, பெயின்ட், ஈயம், இந்த மாதிரி ஏதாச்சும் வேலை செய்றீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லீங்க. மீன்பிடி."

சந்திரலேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஈயத்தை வாயில வச்சுதான் குடித்தனமே நடத்துறாரும்மா. பல்லைக் காட்டச் சொல்லுங்க."

"அது வலை கட்டுறதுங்க. அதைப் போயி வேலைன்னு சொல்லுவாங்களா?" என்றான் அவன், நிஜமாகவே குழம்பிப்போய். பல்லைக் காட்டினான். ஈறோரம் கருநீலமாகக் கோடு ஓடியிருந்தது.

ரத்தத்தில் ஈயம் எக்கச்சக்கம். இது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் ஈயம் உயிரணுவைக் கெடுக்கும், முதலில் இதை விடுங்கள், சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். இத்தனை வருஷமும் தான் குடித்த கசப்பை நினைத்துச் சந்திரலேகாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வழியிலேயே, பல்லுக்குப் பதிலாகக் குண்டை நெரிக்க, ஒரு குறடு வாங்கினாள்.

"இவங்கப்பனும் ஆயுசு பூராக் கடிச்சாரு. எனக்கு இவன் பொறக்கலயா?" என்றாள் வீட்டில் குறட்டைப் பார்த்த எல்லையம்மாள். மகன் தலையாட்டினான். உருக்குவதை மட்டும் விட்டான். குண்டைக் கடையில் வாங்கிக்கொண்டான்.

அந்த வாரமே ஏலம் முடிந்து அவள் வீடு திரும்பியபோது வலை அவன் மடியில் கிடந்தது. குறடு ஆணியில் தொங்கியது. அவன் கன்னம் புடைத்திருந்தது.

"பழக்கம்டி. கை தானா வாய்க்குப் போயிடுது."

சந்திரலேகா கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே கோயிலுக்குப் போனாள். மரத்திலிருந்து தொட்டிலை அவிழ்த்தாள். வீட்டுக்கு வந்து, மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, வெயிலில் வெளுத்த அந்தத் துணியை அவன் மடியில் பிரித்தாள். உள்ளே ஈயக்குண்டு கிடந்தது.

"உங்கம்மா வேண்டிக்கிட்ட புள்ள இதுதான். இதையும் கடிச்சிடுங்க."

எல்லையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெற்றிசெல்வன் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாயிலிருந்ததை ஒவ்வொன்றாகக் கையில் துப்பினான்.

"குறட்டை எடு" என்றான்.