ஆனாலுக்கு மூன்று மதிப்பெண்

சிதம்பரத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமைதோறும் பிற்பகல் பாசஞ்சர் வண்டியைப் பிடித்துக் கடலூர் முதுநகருக்குப் போவேன். நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில், மாதா கோவிலை ஒட்டிய கூடத்தில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேருக்குத் தமிழ் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருந்தேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது: அப்போதே என் அலமாரியில் பேச்சுப் போட்டிக் கோப்பைகளுக்கு இடம் போதவில்லை. பட்டிமன்ற மேடையில் எதிரணியை வாயடைக்கச் செய்பவனுக்கு இணைப்புச் சொற்களை நடத்துவது ஒரு பொருட்டா என்று நினைத்தேன்.

பொருட்டாகத்தான் இருந்தது. மேலும், அல்லது, ஆனால், ஆகவே என்று கரும்பலகையில் எழுதி, இரண்டு வாக்கியங்களை இணைக்கச் சொன்னால், பிள்ளைகள் "மாடு வந்தது, மேலும் ஆடு வந்தது" என்று எழுதிவிட்டுச் சன்னல் வழியே ஐஸ் வண்டியைப் பார்த்தார்கள். எனவே வகுப்பையே பட்டிமன்றமாக்கினேன். பெஞ்சுகளை இரண்டு அணிகளாகப் பிரித்து, நடுவே ஒரு நாற்காலி போட்டு, கையில் பித்தளை மணியோடு நடுவராக அமர்ந்தேன். ஓர் அணி ஒரு வாக்கியம் சொல்லும்; நான் மணி அடிப்பதற்குள் மற்ற அணி அதனோடு இன்னொன்றை இணைக்க வேண்டும். மற்றச் சொற்களுக்கு ஒரு மதிப்பெண், 'ஆனால்' போட்டு மறுத்தால் மூன்று. மேடையில் கைதட்டல் அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் விழும் என்பது என் அனுபவம்.

கூடம் அதிர்ந்தது.

"எங்க தெருவுல தண்ணி வந்துச்சு!"

"ஆனால் உங்க வீட்டுக்கு வரலை!"

எல்லோரையும் விஞ்சியவள் ஒரு கருவாட்டுக் கடைக்காரம்மாவின் மகள். மூன்றே வாரங்களில், எதிரணி வாயைத் திறக்கும் முன்பே தன் 'ஆனால்' என்ற சொல்லைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். என்னையே சிறிய உருவில் பார்ப்பதுபோல் பெருமையாக இருந்தது எனக்கு.

நான்காம் சனிக்கிழமை, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவளுடைய அம்மா உள்ளே வந்தார்.

"தம்பி, இது இனிமே இங்க வராது. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏம்மா, என்ன ஆயிற்று?"

"காலையில ஒரு அம்மா வாளைக் கருவாட்டை மோந்து பாத்து, நல்லா இருக்குன்னு கையில எடுத்துட்டாங்க. இது பக்கத்துல நின்னுகிட்டு, 'நல்லாத்தான் இருக்கு, ஆனால் நேத்து வந்தது இன்னும் நல்லா இருந்துச்சு'ங்குது. அவுங்க அப்படியே வச்சுட்டுப் போயிட்டாங்க. வீட்லயும் இதே கதை. குழம்பு நல்லாருக்காம், ஆனால் உப்பு ஜாஸ்தியாம்."

சிறுமி தரையைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய புத்தகப் பை அவள் தோளில் இல்லை, அம்மாவின் கையில் இருந்தது. என் சிறந்த மாணவி வாசலோடு போய்விடப் போகிறாள் என்று புரிந்தது. எழுந்தேன். தொண்டையைச் செருமி, மேடைக்கென்றே வைத்திருக்கும் குரலை எடுத்தேன்.

"அம்மா, தங்கள் மனவருத்தத்தை நான் முழுமையாக மதிக்கிறேன். ஆனால்..."

"மூணு மார்க்!" என்று பதினாறு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, அந்த வார்த்தை இங்கேர்ந்துதான் வந்துச்சா!"

எத்தனையோ மேடை பார்த்தவன், மணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பேசியவள் சிறுமிதான்.

"எம்மேலதாம்மா தப்பு. காலையில கடையில நிக்கிறேன், சாயங்காலம் இங்க வர்றேன். கடையில நீ கூவுற மாதிரியே கூவுறேன். வேற ஒண்ணும் பேச மாட்டேன்."

"நான் கூவுற மாதிரியா? எங்க, கூவு பாப்போம்."

அவள் இடுப்பில் கை வைத்தாள். "நெத்திலி இருக்கு, வாளை இருக்கு, காரப்பொடிக் கருவாடும் இருக்கு! எடுத்தா எடு, இல்லாட்டி பாத்துட்டாவது போ! நல்ல வெயில்ல காஞ்சது, அதனால மழைக்காலம் பூரா தாங்கும்!"

கூடமே சிரித்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "காரப்பொடி தீந்து ரெண்டு நாளாச்சுடி."

"ஆன..." என்று தொடங்கியவள், அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். "சரிம்மா."

எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் வெட்கமும் வந்தது. மேலும், அல்லது, ஆகவே என்று பலகையில் மூன்று வாரமாக நான் விற்க முடியாமல் வைத்திருந்த சரக்கையெல்லாம் அவள் ஒரு மூச்சில் விற்றுவிட்டாள். துடைப்பானை எடுத்து, 'ஆனால்' எதிரே இருந்த மூன்றை அழித்து ஒன்று என்று எழுதினேன். "நடுவரே தோத்துட்டாருடா!" என்றது பின்வரிசை.

அம்மா பையை மகளின் தோளில் மாட்டினார். "கடையில அந்த வார்த்தை வந்துச்சுன்னா அன்னிக்கே நிறுத்திடுவேன், தம்பி. உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்." போகும்போது செய்தித்தாளில் சுற்றிய நெத்திலிப் பொட்டலம் ஒன்றை நடுவர் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அன்று சிதம்பரம் போய்ச் சேரும்வரை என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடை வழியாகப் போனேன். மகள் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"கருவாடு எப்படி இருந்துச்சு தம்பி?" என்றார் அம்மா.

"மிக நன்றாக இருந்தது, அம்மா."

சிறுமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையில் மண் கொஞ்சம் நறநறத்தது.

"அவ்ளோதானாண்ணா?" என்றாள்.

"அவ்வளவுதான்" என்றேன்.