கன்னத்தில் விழுந்த நேரம்

என் கொழுந்தியாளை வீட்டில் எல்லோரும் நண்டு என்றுதான் கூப்பிடுவோம். ஓர் இடத்தில் இருக்க மாட்டாள், எதையும் நோண்டாமல் விட மாட்டாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் கைக்கடிகாரத்தை, "உள்ள எப்படி இருக்குன்னு பாத்துட்டுத் தரேன் அத்தான்" என்று வாங்கிக்கொண்டு போய், ஒரு கிண்ணத்தில் போட்டுத் திருப்பிக் கொடுத்தவள். கட்டியது அவள் அக்காவை என்பதால் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடுவது எனக்கு லேசான காரியமல்ல. எங்கள் நீச்சல் குளத்தில் போட்டி நடக்கும்போதெல்லாம் மைக் பிடித்து அறிவிப்பது நான்தான்.

நண்டு புரோகிராம் எழுதுகிறவள். நல்ல கம்பெனியில் நல்ல நாற்காலியில் இருந்தாள். "எல்லாம் மேலாக்க மேய்ற வேலை, சலிச்சுப் போச்சு" என்று எழுந்து வந்துவிட்டாள். மெஷினோடு நேரடியாகப் பேசினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். எங்கள் குளத்தில், நீந்தி வருகிறவர்கள் கை வைக்கும் சுவரில் டச் பேட் என்று ஒரு தகடு இருக்கிறது. கை பட்டதும் நேரம் பதிவாகும். அந்த நேரத்தை எடுத்து, சுவரளவு பெரிய ஸ்கோர் போர்டில் காட்டுகிற புரோகிராமைத்தான் அவள் எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

அது எப்படி வேலை செய்கிறது என்று என் மண்டையில் ஏறும்வரை சொல்லியிருக்கிறாள். அவள் புரோகிராம் ஒரு வீடு மாதிரி. அங்கே சுத்தம் செய்ய ஓர் ஆள் உண்டு. வேண்டாததைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சச் சாமானை நெருக்கி அடுக்குவார். சாமான் இடம் மாறினாலும் வீட்டில் இருப்பவர்களுக்குக் குழப்பமில்லை, எது எங்கே போயிற்று என்று அவரே சொல்லிவிடுவார். ஆனால் டச் பேடோடு வந்த டிரைவர், அதாவது தகட்டோடு பேசுகிற மென்பொருள், வீட்டுக்கு வெளியே இருக்கிற பழைய காலத்து ஆசாமி. பேர் சொன்னால் தெரியாது. விலாசம் மட்டும்தான் தெரியும். லேனுக்கு ஒன்றாக எட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரு தட்டை, "இந்த விலாசத்துல இருக்கு, நேரம் வர வர நிரப்பு" என்று அவனிடம் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் லேன் நம்பர், அடுத்து நேரம். அவ்வளவுதான் ஏற்பாடு.

காலையில் சின்னப் பிள்ளைகளின் போட்டிகள் எல்லாம் பட்டுப்போல நடந்தன. போர்டு மின்னியது, பெற்றோர் கைதட்டினார்கள், நண்டு மேஜைக்குப் பின்னால் துள்ளிக்கொண்டிருந்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! "பெரியவங்க ரேஸ்ல ஒரு புது விஷயம் சேத்திருக்கேன் அத்தான். பாதித் தூரத்துல யாரு முன்னாடி வராங்களோ, அவங்க போட்டோ போர்டுல வரும்" என்றாள்.

"சோதிச்சுப் பாத்தியா?"

"போட்டோதான அத்தான், என்ன ஆயிடப் போகுது?"

பெண்கள் நூறு மீட்டர் இறுதிப் போட்டி வந்தது. இதில் ஜெயித்து மாவட்ட அணிக்குப் போகப்போவது ஒருத்தி மட்டும். மூன்றாம் லேனில் எல்லோரும் எதிர்பார்த்த சாம்பியன். ஆறாம் லேனில் பயிற்சியாளர்கூட இல்லாத ஒரு பெண். அவள் அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். சட்டையெல்லாம் சுண்ணாம்புப் பொட்டோடு, மகளின் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு குளத்தோரம் நின்றார்.

விசில் ஒலித்தது. பாதித் தூரத்தில் சாம்பியன் முந்தினாள். போர்டில் அவள் முகம் பளிச்சென்று வந்தது, கூட்டம் ஆர்ப்பரித்தது. திரும்பியதும் ஆறாம் லேன் பெண் பிடித்தாள் பாருங்கள் ஒரு பிடி! நான் மைக்கில் என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. தோளோடு தோள், விரலோடு விரல். இரண்டு கைகளும் சுவரில் விழுந்தன. எல்லோரும் போர்டைப் பார்த்தோம்.

போர்டில் பாதித் தூர நேரங்கள் அப்படியே நின்றன. கடைசி நேரம் ஒருவருக்கும் இல்லை.

நடுவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார். லேனுக்கு ஒருவராக ஸ்டாப் வாட்ச் பிடித்தவர்களைக் கேட்டார். மூன்றாம் லேனுக்கும் ஆறாம் லேனுக்கும் ஒரே நேரம். "அப்ப வேற வழியில்ல. ரெண்டு பேரும் மறுபடி நீந்தட்டும்" என்றார்.

ஆறாம் லேன் பெண் கரையில் உட்கார்ந்திருந்தாள். இருந்த உயிரையெல்லாம் அந்தக் கடைசிப் பாதியில் கொட்டிவிட்டாள். இன்னொரு முறை நீந்தச் சொன்னால் அவள் தோற்பாள், அது குளத்துக்கே தெரியும். அவள் அப்பா துண்டை இறுக்கிப் பிடித்தார்.

குள மேனேஜர் மேஜைக்கு ஓடி வந்தார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா, எல்லாம் சரியாயிடும்!" என்று சுவிட்சில் கை வைக்கப் போனார்.

அந்த நேரத்தில்தான் என் கண் போர்டில் பட்டது. அஞ்சல் தலை அளவுப் படத்தைச் சுவரளவுக்கு இழுத்திருந்தாள் நண்டு, அதனால் சாம்பியன் கன்னத்தில் வரிசையாகப் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. கறுப்பு, பச்சை, கறுப்பு, பச்சை.

"நண்டு, அந்தப் பொண்ணு மூஞ்சில என்ன கோலம் போட்டு வச்சிருக்கே?" என்றேன் எரிச்சலாக.

நண்டு நிமிர்ந்து பார்த்தாள். வாய் பிளந்தது. அடுத்த நொடி மேனேஜர் கையைத் தட்டிவிட்டு, சுவிட்சின் மேல் இரண்டு கைகளையும் விரித்துப் படுத்தேவிட்டாள். "யாரும் தொடாதீங்க! அந்தப் போட்டோவ மாத்தாதீங்க! நேரம் அங்கதான் இருக்கு!"

"எங்க?" என்றார் நடுவர்.

"அவ கன்னத்துல சார்!"

நடுவர் என்னைப் பார்த்தார். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்பது போல ஒரு பார்வை. எனக்குக் கோபம் ஒரு பக்கம், ஆனால் அவள் கண்ணில் தெரிந்த வெளிச்சம் எனக்குப் பழக்கம். என் கடிகாரத்தைத் திறந்த அன்றும் அப்படித்தான் இருந்தாள். "அஞ்சு நிமிஷம் குடுங்க சார். வெள்ளம் தலைக்கு மேல போயாச்சு, இனி சாண் என்ன முழம் என்ன" என்றேன்.

நண்டு தட்டிக்கொண்டே கொட்டித் தீர்த்தாள். "டிரைவர்கிட்ட விலாசம் சொல்லும்போது தட்டு அசையாம இருக்கும் அத்தான். சொல்லி முடிச்ச உடனே பிடி விட்டுடும். அதுக்கப்புறமும் அவன் எழுதப் போறான்னா, நாமதான் தட்ட ஆணி அடிச்ச மாதிரி நிறுத்தி வைக்கணும். நான் வைக்கல! காலைல வீட்டுல சாமான் கம்மி, சுத்தம் பண்ற ஆளுக்கு வேலையே இல்ல, தப்பிச்சோம். போட்டோ வந்ததும் இடம் பத்தல. அவரு தட்டத் தூக்கி வேற பக்கம் வச்சுட்டாரு. காலியான எடத்துல போட்டோ வந்து உக்காந்துடுச்சு. டிரைவருக்கு இது எதுவும் தெரியாது. பழைய விலாசத்துலயே எழுதிட்டான். போட்டோ மேலயே!"

"அப்ப அந்தப் புள்ளி?"

"போட்டோவும் மெஷினுக்கு வெறும் எண்ணுங்கதான், ஒவ்வொரு எண்ணும் ஒரு கலர். கறுப்பு லேன் நம்பர். பச்சை நேரம். போர்டுல போட்டோ இருக்கற வரைக்கும் அத யாரும் குப்பைல போட மாட்டாங்க. ஆஃப் பண்ணியிருந்தா போச்சு."

அதற்குள் கூட்டம் மேஜையைச் சூழ்ந்துவிட்டது. அவள் ஒவ்வொரு புள்ளியாகப் படித்தாள். முதல் லேன். நடுவர் தான் குறித்து வைத்திருந்த ஸ்டாப் வாட்ச் நேரத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. இரண்டாம் லேன், பொருந்தியது. நான்கு, ஐந்து, ஏழு, எட்டு என்று ஒவ்வொன்றும் ஒட்டியே வந்தன. நடுவரின் புருவம் மேலே ஏறிக்கொண்டே போயிற்று.

"இப்ப மூணும் ஆறும் சொல்லும்மா" என்றார்.

"மூணு... ஒரு நிமிஷம், ஒண்ணு புள்ளி எட்டு எட்டு." ஒரு மூச்சு விட்டாள். "ஆறு... ஒரு நிமிஷம், ஒண்ணு புள்ளி எட்டு ஏழு!"

நடுவர் தானே எட்டிப் பார்த்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் மைக்கை எடுத்து என்ன சொன்னேனோ, குளம் கிடுகிடுத்தது. பெயின்டர் துண்டோடு தண்ணீரில் விழாத குறை. கரையில் உட்கார்ந்திருந்த பெண், யாரைச் சொல்கிறேன் என்று புரியாமல், முதலில் சாம்பியனைத் திரும்பிப் பார்த்தாள். சாம்பியன் ஆறடி உயரம், நல்ல பெண். போர்டைக் கைகாட்டி, "என் மூஞ்சியிலயே உன் ஜெயிப்ப எழுதி வச்சிருக்காங்கடி, வந்து பாரு!" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மைக்கை மூடிக்கொண்டேன்.

அடுத்த போட்டிக்கு முன் நண்டு ஒரே ஒரு வரி சேர்த்தாள். தட்டு அசையாமல் நின்றது. போட்டோவை எடுத்துவிட்டாளா என்றால், அதுதான் இல்லை. வந்தது, அழகாகவே வந்தது.

எல்லாம் முடிந்து மேஜையைக் கட்டும்போது பெயின்டர் தயங்கித் தயங்கி வந்தார். "அம்மா, எம்பொண்ணோட புள்ளி எது?"

நண்டு திரையில் அந்த ஒரு புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டினாள். திரை முழுக்கப் பச்சை. லேசாக நீலம் ஓடிய பச்சை.

"இதுல சிவப்பு எவ்வளவு?"

"துளிகூட இல்லங்க. பச்சை நெறைய, நீலம் அதவிடக் கொஞ்சம் கம்மி." அவள் எண்களைச் சொன்னாள். அவர் உதட்டை அசைத்து, திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்.

போன மாதம் ஒரு வேலையாக அவர் தெருப் பக்கம் போயிருந்தேன். எல்லா வீட்டுக் கதவும் பழுப்பு. ஒரு கதவு மட்டும் நீலம் ஓடிய பச்சை, சிவப்பு துளிகூட இல்லை. நான் வண்டியை நிறுத்திவிட்டு நண்டுக்குப் போன் போட்டு அந்தக் கதவைப் பற்றிச் சொன்னேன்.

"கலர் சரியா வந்திருக்கா அத்தான்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"அப்படியே இருக்குடி" என்றேன்.