அத்தானைத் தள்ளிச் சென்ற எஞ்சின்

விபோர்க் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். விடிய ஆறு மணிக்குத் தொடங்கும் வேலை இரண்டு மணிக்கு முடிந்துவிடும். சில நாட்களில் வீட்டுக்குப் போகாமல் ரயில் நிலையத்துக்குச் சைக்கிளை விடுவேன். பயணம் போவதற்கல்ல, ரயில் பார்ப்பதற்கு. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நிலைய அறிவிப்புகளைக் கேட்டுக் கேட்டுத்தான் டெனிஷ் இலக்கங்களைப் பழகினேன். இலக்கங்கள் பிடிபட்ட பிறகும் நிலையத்தை விட மனம் வரவில்லை.

ஐம்பத்தைந்து வயதுப் பெண் கமராவும் கையுமாய் மேடையின் கடைசியில் நின்றால் சனம் கேட்கத்தானே செய்யும். கோயிலில் காணும் ஆட்கள், "ஆரையும் கூப்பிட வந்தனீங்களோ?" என்பார்கள். முதலில் ஓம் என்று பொய் சொன்னேன். பிறகு, "ரயில் பாக்க வந்தனான்" என்றே சொல்லிவிட்டேன். என் கணவர் மட்டும் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. கூட வந்ததும் இல்லை.

அக்கா குடும்பம் அமெரிக்காவில், சிக்காகோவுக்கு மேற்கே ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. அக்காவின் மகளுக்குக் கலியாணம் வந்தபோது பத்து நாள் முன்னதாகவே போய் இறங்கினேன். பலகாரம் சுட உதவிக்கு வந்திருக்கிறாள் என்று அக்கா எல்லோரிடமும் சொன்னாள். உண்மையில் நான் முன்னதாகப் போனதற்குக் காரணம், அந்த ஊருக்குள்ளால் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றித் தினமும் நகரத்துக்கு ஓடும் ரயில்.

அத்தான் கட்டடப் பொறியியலாளர். இருபத்திரண்டு வருடமாக அதே ரயிலில்தான் கந்தோருக்குப் போய்வந்தார். முதல் நாள் காலை அவரோடு நானும் நிலையத்துக்கு நடந்தேன். மேடையில் ஆட்கள் தாங்களாகவே கொத்துக் கொத்தாய்ப் பிரிந்து நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் வழமையான இடம், வழமையான கதவு. அத்தானுக்கு முன்பக்கம் இரண்டாவது பெட்டி. மணியடித்துக்கொண்டு ரயில் வந்தது. கோயில் மணி மாதிரி, நிற்கும்வரை விடாமல் அடித்தது. வெள்ளி நிறத்தில் இரண்டு தட்டுப் பெட்டிகள். முன்னால் எஞ்சினைத் தேடினேன், இல்லை. முதல் பெட்டியின் மூலையிலேயே சாரதி இருந்தார். மேடையின் மறுமுனைக்கு ஓடிப் பார்த்தால், ரயிலின் வாலில் நின்று உறுமியது எஞ்சின்.

பின்னேரம் அத்தானிடம் சொன்னேன்.

"அத்தான், காலமை உங்களை எஞ்சின் பின்னாலை நிண்டெல்லோ தள்ளுது."

"என்ன விசர்க்கதை? எஞ்சின் முன்னுக்குத்தான் நிக்கும்."

"இல்லை. முன்னுக்கு வாறது வெறும் பெட்டி."

"பிள்ளை, நான் இருபத்திரண்டு வருஷமாப் போறன்."

மாலையில் அவர் வந்திறங்கும்போது எஞ்சின் முன்னால் நிற்கும். அதைப் பார்த்துக் காலையிலும் அப்படியே என்று நினைத்திருக்கிறார். எஞ்சினைத் திருப்பிப் பூட்டாமல், நகரத்துக்குப் போகும்போது தள்ளி, திரும்பும்போது இழுக்கிறார்கள்.

மறுநாள் காலை அத்தான் தன் வழமையான இடத்தைக் கடந்து என்னோடு மேடையின் மறுமுனைக்கு வந்தார். ரயில் வந்து நின்றது. எஞ்சினின் சூடு முகத்தில் அடித்தது. காலுக்குக் கீழே சீமெந்து அதிர்ந்தது. அத்தான் கையிலிருந்த கோப்பியை மறந்து அதன் சில்லுகளையும் பெட்டியோடு பூட்டும் கொழுவியையும் குனிந்து பார்த்தார்.

"சொன்னது சரிதான், பிள்ளை! தள்ளத்தான் போகுது!"

அது தள்ளியது. அத்தானை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது.

மேடையிலிருந்த மர வாங்கில் உட்கார்ந்து இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கையில் கந்தோர் நேரமும் தாண்டிவிட, அக்கா தொலைபேசியில் வந்துவிட்டாள். "கந்தோராலை எடுத்தவை, மனிசனைக் காணேல்லையாம். எங்கை கொண்டுபோய் வைச்சிருக்கிறாய்?" விஷயத்தைச் சொன்னேன். "கடவுளே, மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு மட்டும் இதைச் சொல்லிப்போடாதை" என்றாள். அத்தான்தான் கலியாண மண்டபத்தில் மேசை மேசையாகப் போய் எல்லோருக்கும் சொன்னார்.

கலியாணத்துக்கு முன் ஒருநாள் அவரோடு நகரம்வரை போனேன். மேல்தட்டில் ஒற்றை ஒற்றையாய் இருக்கைகள். நடுவில் தரையில்லாமல் திறந்த வெளி. ரிக்கற் பரிசோதகர் கீழேயே நடந்தபடி கையை மட்டும் மேலே நீட்டினார். மேலிருந்தவர்கள் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் ரிக்கற்றைக் கீழே நீட்டினார்கள். எதிரே ஒருவர் வாயைத் திறந்தபடி தூங்கினார். தன்னுடைய நிலையத்துக்கு அரை நிமிடம் முன்பு யாரோ எழுப்பியதுபோல எழுந்து, கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

அத்தான் ஓய்வு பெற்றதும், போன கோடையில் அக்காவும் அவரும் எங்களிடம் வந்தார்கள். அக்கா கோப்பன்ஹேகன் பார்க்கவேண்டும் என்றாள். அத்தான் விபோர்க் நிலையத்தைக் கேட்டார். முகத்தைச் சுற்றித் தடித்த கறுப்பு ரப்பர் பூட்டிய எங்கள் ரயில் வந்ததும் அவர் திகைத்துப் போனார்.

"உதென்ன, மூஞ்சியிலை டயரோ?"

"இரண்டு ரயிலை முகத்தோடை முகம் ஒட்டிக் கொழுவ அது."

இந்த முறை அவர் கவனமாக இரண்டு முனைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தார். "முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. எஞ்சின் எங்கை?"

"வயித்துக்குக் கீழை, அத்தான்."

அந்த ஞாயிறு, பழைய ரயில்களைப் பராமரிக்கும் சங்கம் ஒன்று எங்கள் பாதையில் ஒரு விசேட ரயிலை ஓட்டியது. இழுத்துவந்தது உருண்டை மூக்குள்ள பழைய டீசல் எஞ்சின். உடல் சுவீடனில் செய்தது, உள்ளே இருக்கும் எஞ்சின் அமெரிக்க வடிவமைப்பு. இதை நான் அன்று காலை சாப்பாட்டு மேசையில் சொன்னபோது, என் கணவர் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "கார் எடுக்கட்டோ?" என்றார். எனக்கு நம்ப முடியவில்லை.

ஊருக்கு வெளியே, பார்லி வயலோரம் நாலு பேரும் நின்றோம். காற்றுக்குச் சால்வை நிற்கவில்லை என்று அக்கா முறைப்பட்டாள். தூரத்தில் அடித்தொண்டையிலிருந்து வருவதுபோன்ற அந்த உறுமல் கேட்டதும் அத்தான் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, இது எங்கட சிக்காகோ எஞ்சின்ர உறவுக்காரன்!"

சாரதி எங்களைக் கண்டு நீளமாக ஊதினார். முதலில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது அக்காதான். சால்வை பறந்துபோய் வயலுக்குள் விழுந்தது. என் கணவர் அதை எடுத்துவந்து, தூசி தட்டி மடித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"இது திரும்பி எத்தினை மணிக்கு வரும்?"

மூன்று மணித்தியாலம் செல்லும் என்றேன். அவர் காரின் பின்கதவைத் திறந்து, மடக்குக் கதிரைகளை ஒவ்வொன்றாய் இறக்கத் தொடங்கினார்.