வாசல் மாறிய கோட்டை

அந்தக் கடை முதலாளியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பெரிய மனசு பண்ணி மறந்துவிடு என்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் இருக்கும். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டிலிருந்து பஸ் பிடித்து, பதுளை டவுனில் அவர் கடைக்கு வேலைக்குப் போனேன். முன்னால் போட்டோகொப்பி, பின்னால் பையன்கள் வீடியோ கேம் விளையாட நாலு டீவி. அந்தப் பக்கம் நான் போகவே கூடாது. "பொம்பளப் புள்ள அங்க ஒக்காந்தா கடைக்குப் பேரு கெட்டுரும்" என்பார். ஆனால் பையன்கள் மெஷினை உடைக்காமல் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். டீவிகளின் முதுகு கவுண்டரைப் பார்த்திருந்ததால், எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டியிருந்தார். நாள் முழுக்க அதில்தான் கேம் பார்த்தேன்.

ஒரு கேமில் கடலோரக் கோட்டை வரும். அதன்மேல் எனக்குப் பைத்தியமே பிடித்தது. முதலாளியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய, ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு வாளி நிறைய விற்காமல் கிடந்தன. அதில் அந்தக் கோட்டையைக் கட்டினேன். யார் கையில் கொடுத்தாலும் கட்டலாம் என்கிற மாதிரி, கணக்குக் கொப்பியின் கட்டங்களில் அடுக்கடுக்காக வரைந்தும் வைத்தேன். வளைந்த படிக்கட்டுக்கு மட்டும் மூன்று வாரம் போனது. தூக்குப் பாலம் விழுந்து விழுந்து, கடைசியில் நின்ற அன்று கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன்.

ஒரு பாடசாலை மண்டபத்தில் கைவேலைக் கண்காட்சி வந்தது. "நா கொண்டுபோய் வைக்கிறேன் புள்ள" என்று கொப்பியோடு தூக்கிப்போனார் முதலாளி. போய்ப் பார்த்தால் அட்டையில் அவர் பெயர்! கேட்டேன்.

"கட்டை யாரோடது? கடை யாரோடது? தோட்டக்காட்டுப் புள்ள பேரப் போட்டா எவன் நின்னு பாப்பான்?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், பாவி.

மறுநாள் அவர் கண்காட்சியில் இருந்தார், கடையில் ஆளில்லை. போய்யா என்று மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். கோட்டை வந்தது. வாசல் வலப்பக்கம் இருந்தது. நான் கட்டியதில் இடப்பக்கம். அட மடச்சி! கண்ணாடி இடவலம் மாற்றும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் கேமின் எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை. அது நேராக நிற்கிறதா திரும்பி நிற்கிறதா என்று யார் கண்டார்? முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன்.

பரிசு கொடுக்கும் நாள். நடுவர் யாழ்ப்பாணத்துச் சித்திர டீச்சர். "இதை எப்படி வரைஞ்சனீங்கள்?" என்று கொப்பியைக் காட்டி முதலாளியைக் கேட்டார்.

"கேமப் பாத்துப் பாத்து வரஞ்சதுதான் டீச்சர். தூக்கமே இல்ல."

கூட்டத்தில் எங்கள் கடைப் பையன்கள் நின்றார்கள். "டேய் தம்பிங்களா, கேம்ல வாசல் எந்தப் பக்கம்டா?" என்று கத்தினேன்.

"சோத்துக்கைப் பக்கம் அக்கா! இது மாறிப் போச்சு!"

நான் டீச்சர் பக்கம் திரும்பினேன்.

"டீச்சர், அந்தக் கடையில கவுண்டர்கிட்ட இருக்குற ஒரே ஒரு ஸ்டூல்ல ஒக்காந்து கண்ணாடியில பாத்தாத்தான் வாசல் இந்தப் பக்கம் தெரியும். அது என்னோட ஸ்டூலு. நம்பலன்னா வந்து ஒக்காந்து பாருங்க."

டீச்சர் நிஜமாகவே கடைக்கு வந்து உட்கார்ந்து பார்த்தார். திரும்பிப் போய் அட்டையில் முதலாளி பெயரைக் கோடு போட்டு அடித்தார். "உம்மட பேர் என்ன பிள்ளை?" என்று கேட்டு எழுதினார்.

முதலாளி குதித்தார். "நாளைலேருந்து கடைப்பக்கம் வராத! கட்டை என்னோடது, வையி!"

"எடுத்துக்கங்க மொதலாளி."

எல்லாரும் பார்க்க, உச்சிக் கோபுரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் வாளியில் போட்டேன். பாலத்தையும் கழற்றினேன். நிறுத்தவில்லை. மேசை காலியானதும் வாளியை அவர் கையில் கொடுத்தேன். கொப்பியை எடுத்து என் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"இப்பக் கட்டுங்க, பாப்போம்" என்றேன்.