கம்பெனி மாறிய பேய்

“இது யாரு வீடு மேடம்?” என்று பாண்டியம்மாள் கேட்டார். அவர் கையில் அட்டைப்பெட்டியின் மூடி இருந்தது. அதில் இருட்டான ஒரு பங்களாவின் படம்.

“வீடு இல்லக்கா, விளையாட்டு. பேய்க்கதை சொல்ற விளையாட்டு.”

“பேய் எங்க இருக்கு?”

“நாமதான் சொல்லணும். தாயம் மாதிரி உருட்டி, எந்த ரூமுக்குப் போறோமோ அங்க ஒரு சீட்டு எடுக்கணும். சீட்டுல இருக்கறத வெச்சுக் கதையை வளர்க்கணும். நிறுத்தினா பேய் பிடிச்சிடும்.”

“நிறுத்தாம பேசிக்கிட்டே இருந்தா?”

“தப்பிச்சிடலாம்.”

“அப்ப எங்க மாமியார ஒரு பேயும் தொடாது,” என்றவர் சீட்டுகளைப் புரட்டினார். “பூராவும் இங்கிலீசால்ல இருக்கு. நீங்க படிங்க, நான் சொல்லுதேன்.”

டீ-ஷர்ட்டில் பிரிண்ட் போடுவதற்கு மாதிரியாக துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய பெட்டி அது. ஆர்டர் முடிந்ததும் சாம்பிள் அறையில் கிடந்தது. அருள்புரத்தில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியில் எனக்கு ஆபீஸ் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலை செய்யும் பெண்கள் கட்டிங் டேபிளில் விளையாட்டுப் பலகையை விரிப்பார்கள். நான் சீட்டைத் தமிழில் படித்துச் சொல்வதோடு சரி.

பாண்டியம்மாளுக்கு விளாத்திகுளம் பக்கம். கணவர் பெரியகருப்பன் சாயப்பட்டறையில் இருக்கிறார். இவர் செக்கிங்கில் பிசிறு வெட்டினார். செக்கிங் என்றால் நாள் முழுக்க நின்றபடிதான். சாயங்காலம் கணுக்கால் வீங்கிவிடும். டெய்லர்கள் உட்கார்ந்து தைப்பார்கள். அந்த இருக்கைக்காகவே இடைவேளைகளில் கழிவுத்துணியை வைத்து ஓவர்லாக் மெஷினில் தைக்கப் பழகினார். டெய்லர் சித்ரகலா பிரசவத்துக்குப் போனதும் ஜன்னலோர மெஷின் காலியானது. “திங்கக்கெழமை நீங்க தெச்சுக் காட்டுங்க, பாக்கலாம்,” என்று சூப்பர்வைசர் சுப்பண்ணன் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பாண்டியம்மாளுக்கு வந்த சீட்டை நான் படித்தேன்: “வெகுகாலமாகக் காத்திருக்கும் ஒருத்தி.”

அவர் யோசிக்கவே இல்லை. டெய்லராக ஆசைப்பட்டுக் காத்திருந்தே செத்துப்போன ஒரு பிள்ளை, காலி மெஷின் எதுவோ அதில் வந்து உட்கார்ந்துகொள்வாள் என்றார். “இந்தா, அந்த ஜன்னலோரத்து ஓவர்லாக்குலதான் இருக்கா.”

அந்த நேரம் பார்த்து அந்த மெஷினின் குட்டி விளக்கு மினுக்கியது. அது எப்போதும் மினுக்குவதுதான், வயர் லூஸ். ஆனாலும் டெய்லர் செல்லாத்தாள் டிபன் பாக்ஸைக்கூட மூடாமல் எழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை அந்த மெஷின் பக்கம் ஒருவரும் போகவில்லை. சுப்பண்ணனுக்குச் சிரிப்பு. “ஏனுங்க பாண்டியம்மா, போட்டிக்கே ஆளில்லீங்க. போய் உக்காருங்க.”

பாண்டியம்மாள் நகரவில்லை. “இன்னிக்கு நாள் சரியில்ல சார்.”

“பேயக் கூட்டியாந்ததே நீங்கதானுங்க! நாளைக்கு மத்தியானத்துக்குள்ள உக்காரலீன்னா வெளியிலிருந்து ஆள் போட்டுருவனுங்க.”

மறுநாள் காலை டீ நேரத்தில் எல்லாரையும் கூட்டிவைத்துப் பாண்டியம்மாள் கதையை முடித்தார். “அந்தப் பிள்ள கம்பெனி மாறிட்டா. பல்லடம் ரோட்டுல புதுசா ஒண்ணு தொறந்திருக்காகளாம். கம்பெனி வேன் வீட்டு வாசல் வரைக்கும் வருதாம்.”

“சொல்லாமக் கொள்ளாமயா போயிருச்சுங்க?” என்றார் செல்லாத்தாள்.

“இங்க எவ சொல்லிட்டுப் போறா? சாப்பாட்டுக்குப் போறவ அப்படியே அடுத்த கம்பெனிக்குல்ல போயிருதா.”

எல்லாரும் சிரித்தார்கள். அது நியாயமாகத்தான் பட்டது. செல்லாத்தாளே போய் அந்த மெஷினை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். “இங்க ஜன்னல் காத்து நல்லா வருது, நான் இங்கயே மாறிக்கறனுங்க,” என்று வேறு சொன்னார்.

இப்போது அந்த மெஷினில் தைப்பவர் பாண்டியம்மாள்தான். ஆனால் அன்று, மதியத்துக்குச் சற்று முன்னால், என் மேசைக்கு வந்து நின்றார். கையில் சீட்டுக்கட்டு.

“மேடம், அவ போயிட்டான்னு நானாக் கட்டிவிட்டது. அதான் எனக்கே நம்பிக்க வர மாட்டேங்கு. இதுல ஒரு சீட்ட எடுங்க. என்ன எழுதியிருந்தாலும் பரவால்ல. ‘அவ போயிட்டா, இனி வர மாட்டா’ன்னு அதுல இங்கிலீசுல எழுதியிருக்க மாதிரி எனக்குப் படிச்சுச் சொல்லுங்க. சுப்பண்ணன் வாறதுக்குள்ள.”